ரத்தத்தைச் சுழற்றினால் மட்டும் தாடை எலும்பு வளராது

ஆசிரியருக்கு வணக்கம்.

'உங்கள் ரத்தத்தாலேயே தாடை எலும்பு வளர்க்கிறோம்' என்ற விளம்பரங்களைப் பார்த்துவிட்டு, திருநெல்வேலி, தென்காசிப் பகுதி மக்கள் பலர், பல் எடுத்த இடத்தில் எலும்பு வளர அதுவே முழு சிகிச்சை என்று நம்பிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான்.

2001-இல் பிரான்சில் ஜோசப் சுக்ரூன் குழுவினர் கொண்டுவந்த பி.ஆர்.எஃப். (தட்டணுக்கள் செறிந்த ஃபைப்ரின்) முறைதான் இது. உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் சேர்க்காத குழாயில் 10 மி.லி. ரத்தம் எடுத்து, புவியீர்ப்பைப் போல் சுமார் 400 மடங்கு விசையில் (400 ஜி) 10 முதல் 12 நிமிடம் மெஷினில் சுழற்ற வேண்டும். அடியில் சிவப்பணு, மேலே தெளிந்த மஞ்சள் நீர், நடுவில் ஜெல்லி போன்ற ஃபைப்ரின் கட்டி (ரத்தத்தை உறையவைக்கும் புரத இழைகளால் ஆனது). புண் ஆற உதவும் தட்டணுக்கள் அதிகம் சேருவது அந்தக் கட்டியும் சிவப்பும் சந்திக்கிற இடத்தில். ஆகவே கத்தரிக்கும்போது ஒரு மில்லிமீட்டர் சிவப்பு கட்டியோடு ஒட்டியிருக்கும்படி வெட்ட வேண்டும். சுத்தமாகத் தெரிய வேண்டுமென்று சிவப்பை வழித்து எடுத்தால் நல்லதெல்லாம் குப்பைக்குப் போய்விடும்.

ரத்தம் எடுத்த ஓரிரு நிமிடத்துக்குள் மெஷின் ஓடியாக வேண்டும். தாமதித்தால் குழாயிலேயே ஒட்டுமொத்தமாக உறைந்து, அடுக்கு பிரியாது. உறையாமல் தடுக்கும் மருந்து உள்ள ஊதா மூடிக் குழாயில் எடுத்தால் கட்டியே வராது. பாதியில் மின்சாரம் போனால் அந்த ரத்தத்தைக் கொட்டிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும், யு.பி.எஸ். இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. செய்முறைக் குறிப்பில் நிமிடத்துக்கு 2,700 சுற்று என்று எழுதியிருப்பதை எல்லா மெஷினிலும் அப்படியே வைப்பதும் தவறு. குழாய்களைத் தாங்கிச் சுழலும் ரோட்டரின் ஆரம் மாறினால் விசையும் மாறும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும், அந்த ஜெல்லி இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். எலும்பு வளர மாதக்கணக்காகும். அதற்குள் ஈறு வேகமாக வளர்ந்து பள்ளத்துக்குள் இறங்கிவிடும். பல் எடுத்த குழியில் சுற்றுச் சுவர் முழுதாக நின்றால் ஜெல்லி உதவும், புண்ணும் சீக்கிரம் ஆறும். வெளிச்சுவர் உடைந்திருந்தால் இடத்தைப் பிடித்துவைக்க எலும்புத் துகளும், ஈறு உள்ளே நுழையாமல் மறிக்க மேலே சவ்வும் வேண்டும். துகள் பொதுவாகக் கால் முதல் ஒரு மில்லிமீட்டர் அளவு. அமுக்கித் திணித்தால் இடையில் ரத்தக்குழாய் ஓட வழியிருக்காது. ஈறை இழுத்துப் பிடித்துத் தைத்தால் சில நாளில் தையல் பிரிந்து, துகள் வாயில் உதிரும். பெரும்பாலான தோல்விகள் இங்கேதான் தொடங்குகின்றன. பெரிய பள்ளமென்றால் நோயாளியின் உடலிலிருந்தே எடுக்கும் எலும்புக்கு ஈடு இன்றும் இல்லை.

இன்னொன்றை மருத்துவர்கள் சொல்லியே ஆக வேண்டும். துகள்களில் பல மாட்டெலும்பிலிருந்தும், சவ்வுகளில் சில பன்றியிடமிருந்தும் வருகின்றன. மேலப்பாளையத்து இஸ்லாமியரிடமும் சைவக் குடும்பத்தாரிடமும் கேட்காமல் இவற்றை வைப்பது நியாயமல்ல. செயற்கைக் கால்சியம் பாஸ்பேட் துகளும் மீனிலிருந்து எடுத்த சவ்வும் கிடைக்கின்றன.

எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ ஜோலெட்ரானிக் அமிலம், டெனோசுமாப் ஊசி போட்டவர்களும், வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்றவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குப் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பே செத்துப்போகும் ஆபத்து உண்டு. சர்க்கரை கட்டுப்படாமலும் வெற்றிலையோடு புகையிலை போடுவதை நிறுத்தாமலும் இந்தச் செலவில் இறங்குவது வீண். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக அதை நிறுத்தக் கூடாது.

பல் எடுத்த ஓராண்டில் தாடை மேட்டின் (பல் நின்ற எலும்பு விளிம்பின்) அகலம் ஏறக்குறையப் பாதி குறையும்; அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே போய்விடும். ஆகவே இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) வைக்கும் எண்ணமிருந்தால் பல்லைப் பிடுங்கும் முன்பே பேசிவிடுங்கள். வைத்த பொருளின் பெயரும் லாட் எண்ணும் (தயாரிப்புத் தொகுதி எண்) உள்ள ஸ்டிக்கர் டப்பாவிலேயே இருக்கும். அதை உங்கள் கேஸ் ஷீட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள்.

– பல் மருத்துவர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.