உன் மகளுக்குக் கிடைத்த வேலை பற்றி

அன்புள்ள ராஜுவுக்கு,

நலம். வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மங்கையின் தேர்வு முடிவை உன் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் உதவி இயக்குநர்! இதை நீ எனக்கு முதலில் சொல்லாததற்கு உன்னை மன்னிப்பதாக இல்லை. ஆனால் காரணம் புரிகிறது. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் என்றாலே முகம் சுளிக்கும் பனியன் கம்பெனிக்காரன் வீட்டிலேயே ஒரு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர். நம் வாத்தியார் இருந்திருந்தால் தெரு முழுக்க ஜிலேபி கொடுத்திருப்பார்.

"அது கெட்ட பெயர் வாங்கும் வேலை, வேறு துறைக்கு எழுது" என்று நீ அவளிடம் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான். அவளைத் தடுக்காதே, ராஜு. டாக்காவில் கட்டட ஆய்வு வேலை பார்த்த காலத்தைப் பற்றி உன்னிடம் நான் முழுதாகப் பேசியதே இல்லை. போனில் ஆரம்பித்தால் நீ ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுப் பையர்களைத் திட்டத் தொடங்கிவிடுவாய், நேரம் அதிலேயே போய்விடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. படி.

டாக்காவுக்குப் பக்கத்தில் சாவரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்தது 2013 ஏப்ரல் 24. இறந்தவர்கள் 1,100க்கும் மேல். இது உனக்குத் தெரியும். நீ சரியாகக் கேட்டுக்கொள்ளாதது அதற்கு முந்தைய நாளை. 23ஆம் தேதியே தூண்களில் விரிசல் கண்டது. ஒரு பொறியாளர் வந்து பார்த்து, ஆபத்து என்று சொன்னார். கீழ்த்தளத்தில் இருந்த வங்கிக் கிளையும் கடைகளும் மூடப்பட்டன. மறுநாள் காலையில் மேல் மாடிகளில் இருந்த ஐந்து ஆடைத் தொழிற்சாலைகளின் ஆட்கள் மட்டும் உள்ளே அனுப்பப்பட்டார்கள். வராவிட்டால் சம்பளம் கிடையாது என்று மிரட்டப்பட்டதாகத் தப்பியவர்கள் சொன்னார்கள். மின்சாரம் போனது, மாடியில் இருந்த ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின, ஒன்பது மணிக்குள் எட்டு மாடியும் தரையில் கிடந்தது. அனுமதியை மீறிக் கட்டிய மாடிகள், தூர்த்த குளத்தின் மேல் அடித்தளம், கடைகளுக்கென்று கட்டிய தளங்களில் இயந்திரங்கள் என்று என் துறைக்காரர்கள் காரணங்களைப் பட்டியல் போடுவோம். எல்லாமே உண்மைதான். ஆனால் அந்தக் காலையில் விரிசல் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "நான் உள்ளே வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வேலையையும் சம்பளத்தையும் காப்பாற்றிக்கொள்ளும் உரிமைதான் அந்தப் பெண்களிடம் இல்லை. அங்கிருந்த சில தொழிற்சாலைகளில் வெளிநாட்டுத் தனியார் ஆடிட்காரர்கள் வந்து பார்த்துப் போயிருந்தார்கள். கட்டடம் நிற்குமா என்பது அவர்களுடைய படிவத்தில் இல்லை.

இதற்குப் பிறகுதான் 2013 மே மாதம், வங்காள தேச ஆடைத் தொழிற்சாலைகளின் பாதுகாப்புக்கான அக்கார்டு ஒப்பந்தம் வந்தது. "வெள்ளைக்காரன் காகிதம்" என்று நீ சொல்வாயே, அதே காகிதம். அதற்கு முன்பு வந்த காகிதங்களிலிருந்து அதைப் பிரித்துக் காட்டியது, கையெழுத்திட்டவர்களை அது சட்டப்படி கட்டுப்படுத்தியதுதான். கையெழுத்திட்ட 200க்கு மேற்பட்ட பிராண்டுகளும் உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் சமமாக உட்காரும் குழு, நடுநிலைத் தலைவராகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பிரதிநிதி. சுமார் 1,600 தொழிற்சாலைகளில் கட்டடம், தீ, மின்சாரம் மூன்றையும் பொறியாளர்கள் பார்ப்பார்கள். அறிக்கை தொழிற்சாலையின் பெயரோடு வெளியாகும். திருத்த மறுக்கும் தொழிற்சாலையிலிருந்து எல்லா பிராண்டுகளும் ஒரே நேரத்தில் விலக வேண்டும். திருத்துவதற்குப் பணம் கிடைக்கிறதா என்பதைப் பார்ப்பதும் பிராண்டின் கடமை. பழுது பார்க்க மூடினால் ஆறு மாதம் வரை தொழிலாளியின் வேலையும் வருமானமும் போகக்கூடாது. ஆபத்து என்று நியாயமாக நினைக்கும் இடத்துக்குள் போக மறுக்கலாம். ஏப்ரல் 24 காலையில் இல்லாத இரண்டு விஷயங்கள் இந்தக் கடைசி இரண்டும். நான் அதைப் படித்தபோது எழுதியவர்கள் அந்த வாசலில் நின்று யோசித்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

நீ கேட்பாய், பிராண்டுகாரன் பேச்சைக் காப்பாற்றினானா என்று. எல்லோரும் காப்பாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. உரிய நேரத்தில் திருத்தம் செய்ய வைக்கவில்லை என்று இரண்டு பிராண்டுகள் மீது தொழிற்சங்கங்கள் ஹேக் நகரின் நிரந்தர நடுவர் நீதிமன்றம் வரை போயின. ஒரு பிராண்டு 2018 ஜனவரியில் 23 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டது. டாக்காவில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்காக ஹேக்கில் வழக்கு! அந்தச் செய்தி வந்தபோது என்னோடு வேலை பார்த்த வங்காள இளைஞர்களின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். டாக்காவுக்குப் பக்கத்துக் காசிப்பூரில் ஒரு தொழிற்சாலை, பெயர் வேண்டாம். ஐந்தாம் மாடியில் ஒரு வரிசைத் தூண்களை ஒட்டித் துணி ரோல்களை உத்தரம் தொட அடுக்கி வைத்திருந்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தத் தூண்கள் தாங்கக் கூடாத சுமை. சுமையைக் குறைக்கச் சொன்னோம். மேலாளர் மரியாதையாகத் தலையாட்டினார், அடுத்த முறை போனபோது தளம் சுத்தமாக இருந்தது. டீயும் கொடுத்தார். படியில் இறங்கும்போது ஒரு ஹெல்பர் பெண், பதினெட்டு பத்தொன்பது வயது இருக்கும், எங்கள் மொழிபெயர்ப்பாளரிடம் நடந்துகொண்டே ஒரு வரி சொல்லிவிட்டுப் போனாள். நீங்கள் வரும் நாளில்தான் கீழே இறக்குகிறோம், ராத்திரி மறுபடி மேலே ஏற்றிவிடுகிறோம் என்று.

எங்கள் கருவிகளெல்லாம் கண்டுபிடிக்காததை அவள் சொன்னாள். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மாலை போனோம். ரோல்கள் மேலேதான் இருந்தன. அந்தத் தளம் காலி செய்யப்பட்டு, தூண்களுக்குக் கான்கிரீட் உறை போடப்பட்டது. நாங்கள் ஏன் வந்தோம் என்பது கடைசி வரை அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் மறுநாள் அவளுக்கு வேலை இருந்திருக்காது.

இப்போது மங்கைக்கு வருகிறேன். 81ஆம் எண் உடன்படிக்கை என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1947இல் நிறைவேற்றியது, தொழிலாளர் ஆய்வு பற்றியது. இந்தியா 1949இலேயே அதை ஏற்றுக்கொண்டது. அதில் 12ஆம் பிரிவு: ஆய்வாளர் முன்னறிவிப்பு இல்லாமல், பகலோ இரவோ எந்த நேரத்திலும் உள்ளே போகலாம். 15ஆம் பிரிவு: புகார் சொன்னது யார் என்பதை ரகசியமாக வைக்க வேண்டும்; புகாரின் பேரில்தான் வந்தோம் என்பதைக் கூட முதலாளியிடம் காட்டிக்கொள்ளக் கூடாது. அந்த ஹெல்பர் பெண்ணை 1947இலேயே யாரோ மனதில் வைத்து எழுதியது போல இருக்கிறது. மங்கை இந்த இரண்டையும் மனப்பாடம் செய்யட்டும்.

என் பெரிய கவலையும் இங்கேதான். 2020இல் நிறைவேறிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் என்ற பதவியோடு உதவுபவர் என்ற பொறுப்பையும் ஒட்டியிருக்கிறார்கள். எந்தத் தொழிற்சாலைக்கு யார் போவது என்பதைக் கணினி குலுக்கிப் போட்டுச் சொல்ல அதில் வழி இருக்கிறது. லஞ்சத்தை ஒழிக்க என்கிறார்கள். நீ உடனே கைதட்டுவாய், உன் கசப்பு எனக்குத் தெரியும். மாமூல் கேட்டு வந்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு பெண் இன்றிரவு போன் செய்து இங்கே ஆபத்து என்றால், குலுக்கலில் பெயர் வரும் வரை மங்கை காத்திருப்பாளா? ஆய்வாளர் தானாக முடிவெடுத்துப் போக முடிகிறதா என்ற இதே கேள்விதான் 2019இல் ஜெனீவாவில் நடந்த சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டிலும் 81ஆம் உடன்படிக்கையின் பேரில் இந்தியாவிடம் எழுப்பப்பட்டது. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றிருந்ததை இருபதாக உயர்த்தியும் விட்டார்கள். உன் மச்சானின் பதினைந்து பேர் யூனிட் இனி தொழிற்சாலையே இல்லை. அங்கே ஓடும் மெஷின் மட்டும் மாறவில்லை.

அரசு ஆய்வாளர் எதற்கு, வெளிநாட்டு ஒப்பந்தமே பார்த்துக்கொள்ளட்டும் என்று நீ சொல்லிவிடாதே. அக்கார்டு ஏற்றுமதித் தொழிற்சாலைகளைத்தான் பார்த்தது. தொடக்கத்தில் பாய்லர் அதன் பட்டியலிலேயே இல்லை. 2017 ஜூலையில் காசிப்பூரில் பாய்லர் வெடித்துப் பத்துக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், அதன் பிறகுதான் பாய்லரையும் பார்க்கத் தொடங்கினார்கள். 2020இல் அந்த வேலை உள்நாட்டு அமைப்பு ஒன்றின் கைக்குப் போனது. வெளியிலிருந்து வருகிறவர்கள் ஒரு நாள் போய்விடுவார்கள், ராஜு. வங்காள தேசம் இதைப் புரிந்துகொண்டுதான் 2014இல் தன் ஆய்வுத் துறையைத் தரம் உயர்த்தி ஆய்வாளர் பணியிடங்களைப் பெரிதும் கூட்டியது. கனடா, நெதர்லாந்து, பிரிட்டன் கொடுத்த பணத்தில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு அந்த ஆய்வாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. நாடுகள் ஒன்றுக்கொன்று செய்யக்கூடிய உருப்படியான உதவி இதுதான் என்பது என் எண்ணம்.

உன் புகாரில் நியாயமான பாதியையும் எழுதிவிடுகிறேன். பத்துப் பையர்கள் பத்து ஆடிட் அனுப்புகிறார்கள், பீஸுக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்டால் வியட்நாமைக் காட்டுகிறார்கள் என்பாய். உண்மை. விலையைப் பிழிந்துவிட்டுப் பாதுகாப்பைக் கேட்பது அநியாயம். அதனால்தான் பிராண்டையும் சட்டத்தால் கட்டும் ஒப்பந்தம் உனக்கும் நல்லது என்கிறேன். நம் ஊருக்குப் பக்கத்திலேயே பார். 2021 ஜனவரியில் ஓர் இளம் பெண் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு, தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. 2022 ஏப்ரலில், வேலையிடத்தில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. நிறுவனமும் பிராண்டுகளும் சங்கமும் அதற்குக் கட்டுப்பட்டன. தளத்தில் வேலை செய்யும் பெண்களே பயிற்சி பெற்றுக் கண்காணித்தார்கள். புகார் சொன்னவளைப் பழிவாங்கினால் அது ஒப்பந்த மீறல். வேலைக்குச் சேர்ந்ததும் மங்கை அந்தச் சங்கத்துப் பெண்களைப் போய்ப் பார்க்கட்டும். எந்தப் பயிற்சி மையத்தையும்விட அவர்களிடம் அதிகம் கற்றுக்கொள்வாள்.

ஒரு விஷயம் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. போன தீபாவளிக்கு உன் கம்பெனிக்கு வந்தபோது பின்பக்கப் படியின் ஷட்டர் பூட்டியிருந்தது. துணி திருட்டு போகிறது, அதனால்தான் என்றாய். 2012 நவம்பரில் டாக்காவுக்குப் பக்கத்தில் தாஸ்ரீன் தொழிற்சாலை எரிந்தபோதும் படிகளில் இரும்புக் கதவுகள் பூட்டியிருந்தன. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். திருட்டுக்கு வாசலில் ஆள் போடு, கேமரா வை, என்ன வேண்டுமானாலும் செய். இந்தக் கடிதத்தைப் படித்த அன்றே அந்தப் பூட்டை எடுத்துவிடு. எடுத்துவிட்டேன் என்று எனக்கு ஒரு வரி எழுது.

செல்வத்தின் நிலத் தகராறு முடிந்ததா? இவளுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, தை மாதம் அங்கே வர நினைக்கிறோம். அத்தைக்கு என் வணக்கம். மங்கை பணியில் சேரும் தேதி தெரிந்ததும் சொல். உடன்படிக்கையின் நகலையும் என் பழைய ஆய்வுக் குறிப்புகளையும் அவளுக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்,
மூர்த்தி