இரட்டைக் கறுப்பு வைரம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மருந்துத் துளிகளை நேரம் தவறாமல் விடு. தென்னையில் வெள்ளை ஈ இன்னும் அடங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். அடுத்த கடிதத்திலாவது நல்ல செய்தி வரட்டும். இங்கே எல்லாரும் நலம். மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிறாள். மனைவி உன்னை விசாரித்தாள்.

கடைசிப் பத்தியில் ஒன்று கேட்டிருந்தாய்: சிங்கப்பூரில் மலை எங்கே இருக்கிறது, நீ சைக்கிளில் இறங்குவதற்கு? கோவையில் உட்கார்ந்து கேட்கிறாய், கேட்கத்தான் செய்வாய். உனக்கு மலை என்றால் 2,637 மீட்டர் தொட்டபெட்டா. 36 கொண்டை ஊசி வளைவுகளோடு கல்லட்டிச் சாலையில் முதல் கியரிலேயே ஜீப்பை இறக்கிய கதையை மூன்று கடிதங்களில் எழுதியவன் நீ. எங்கள் புக்கிட் தீமா 163 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பக்கத்துச் சின்னத் தீவான புலாவ் உபினில் மிக உயர்ந்தது புக்கிட் புவாக்கா, 74 மீட்டர். நான் இறங்கும் குன்று அதே தீவில் இருக்கிறது, புவாக்காவைவிடச் சிறியது. மேலேயிருந்து கீழே வர ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் அந்த ஒரு நிமிடத்துக்கு நான் எட்டு மாதம் தயாரானேன்.

உபின் உனக்கு மறந்திருக்காது. 1993ஆம் ஆண்டுப் பள்ளி விடுமுறையில் சாங்கி முனையில் படகேறினோமே. பன்னிரண்டு பேர் சேரும்வரை படகுக்காரர் அசைய மாட்டார், அந்த வழக்கம் இன்னும் மாறவில்லை. படகுத்துறைக்கு அருகில் வாடகைக்கு எடுத்த சைக்கிளில் உன்னுடையதற்குப் பிரேக் கம்பி பாதியில் அறுந்துபோயிற்று. இறக்கத்தில் செருப்பைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நிறுத்தினாய். வலது செருப்பின் குதிகால் தாள்போல ஆகிவிட்டது. அந்தச் செருப்போடு வீட்டுக்குப் போய் உன் அப்பாவிடம் என்ன சொன்னாய் என்று இன்றுவரை நீ எனக்குச் சொல்லவில்லை.

அந்தத் தீவின் மேற்குப் பக்கத்தில், கேத்தாம் கற்சுரங்கத்தைச் சுற்றி, 2008இல் மலை சைக்கிள் பூங்கா ஒன்றைத் திறந்தார்கள். ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் பாதை. நாம் போன காலத்தில் அந்தத் தீவில் கல் உடைக்கும் தொழில் இன்னும் முழுதாக நின்றிருக்கவில்லை. ஜொகூர் பாலத்துக்கும் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும் போன கருங்கல் உபின் கல்தான். வெட்டி எடுத்த பள்ளத்தில் இப்போது தண்ணீர் நிறைந்து, கரையெல்லாம் மரம் அடர்ந்து கிடக்கிறது. காலையில் முதல் படகில் போனால் இருவாச்சிகளின் குரல் கேட்கும். பாதை நெடுகக் காட்டுப்பன்றிகள் கிளறிய மண்.

பாதையின் ஒவ்வொரு பிரிவிலும் ஒரு பலகை நிற்கும். நீலச் சதுரம் என்றால் ஓரளவு பழகியவர்களுக்கு. ஒற்றைக் கறுப்பு வைரம், அதாவது முனையில் நிற்கும் சாய்சதுரக் குறி, என்றால் கடினம். இரண்டு கறுப்பு வைரங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், தெரிந்துதான் வந்திருக்கிறாயா என்று பலகை கேட்கிறது என்று பொருள். ஒரே ஒரு வைரத்தின் முன்னால் நான் எத்தனையோ முறை இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உடம்பு வேண்டாம் என்று சொல்லும்போது கேட்டுக்கொள்வதும் இந்த விளையாட்டின் பாதி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த இரட்டை வைரச் சரிவை உனக்கு எப்படிக் காட்டுவது? விளிம்பில் நின்றால் முன் சக்கரத்துக்கு அப்பால் பாதை தெரியாது, கீழே இருக்கும் மரங்களின் தலைதான் தெரியும். இன்னும் ஓர் அடி தள்ளினால்தான் தரை கண்ணில் படும். செம்மண், அதில் குறுக்கே ஓடும் வேர்கள், நடுவில் நம் பழைய வீட்டு ஆட்டுக்கல் அளவுக்கு ஒரு கருங்கல் பிதுங்கி நிற்கிறது. ஆயிரம் டயர்கள் உரசியதில் கல்லின் மேல்முகம் மழமழவென்று ஆகிவிட்டது. காய்ந்திருந்தால் டயர் பற்றும். முந்தைய நாள் மழை பெய்திருந்தால் எண்ணெய் தடவிய தோசைக்கல்தான்.

சென்ற ஆகஸ்டில் நான் விழுந்தது அந்தக் கல்லில். மழை விட்டு அரை நாள்கூட ஆகவில்லை. அன்றைக்குப் போயிருக்கவே கூடாது. கல்லின் மேல் வந்ததும் பயத்தில் முன் பிரேக்கை முழுக்க இறுக்கினேன். சக்கரம் நின்றது, நான் நிற்கவில்லை. கைப்பிடிக்கு மேலாகப் போய் இடது மணிக்கட்டில் விழுந்தேன். எலும்பில் மயிரிழை விரிசல், ஆறு வாரம் கட்டு. தலைக்கவசத்தின் நெற்றிப் பக்கம் உள்ளே இருந்த நுரை இரண்டாகப் பிளந்திருந்தது. அந்தப் பிளவுக்குள் ஒரு கோதுமை மணி அளவு கருங்கல் துணுக்கு சிக்கியிருந்தது. மனைவி அதை நகத்தால் கிளறி எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டுப் பிரித்த அன்று கடைக்குக் கூட்டிப்போய்ப் புதுத் தலைக்கவசத்தை அவளே தேர்ந்தெடுத்தாள். முழங்கால் காப்பும் முழங்கைக் காப்பும் சேர்த்து வாங்கினாள். கீழே இறங்கியதும் படகுத்துறையிலிருந்து ஒரு செய்தி அனுப்ப வேண்டும், அது ஒன்றுதான் அவள் வைத்த நிபந்தனை.

கை சரியானதும் உபினுக்குப் போகவில்லை. செஸ்நட் இயற்கைப் பூங்காவில் மறுபடியும் முதல் பாடத்திலிருந்து தொடங்கினேன். நீ கோவைக்குப் போன பிறகு வந்த பூங்கா அது. 81 ஹெக்டர், சைக்கிளுக்கு மட்டும் 8.2 கிலோமீட்டர் பாதை. நடப்பவர்களுக்குத் தனிப்பாதை இருப்பதால் யார்மேலும் மோதிவிடுவோமோ என்ற கவலை இல்லை. அங்கே ஒரு சனிக்கிழமை, ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். மலாய்க்காரர், வயது எழுபதை நெருங்கும். நான் நின்று தண்ணீர் குடிக்கும்போது பக்கத்தில் வந்து, “தம்பி, உனக்கு முன் பிரேக்கைக் கண்டால் பயம்” என்றார் மலாயில். உண்மைதான். விழுந்த பிறகு நான் பின் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கிக்கொண்டிருந்தேன். சரிவில் எடை முழுதும் முன் சக்கரத்தில் இருக்கிறது, ஆகவே வண்டியை நிறுத்தும் சக்தியும் அங்கேதான், என்று அவர் விளக்கினார். ஒரே ஒரு விரலால், பழம் கனிந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பதுபோல் பிடிக்க வேண்டுமாம். கல்லுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, கல்லின் மேல் போகும்போது விரலை எடுத்துவிட வேண்டும். நான் செய்தது நேர் எதிர்.

மற்றவையெல்லாம் உடம்பு பழகப் பழக வந்தன. பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில், முழங்காலும் முழங்கையும் மடங்கி, சீட்டை முழுக்கத் தாழ்த்தி, இடுப்பைப் பின்னுக்கு இறக்கி நிற்பது. வேரை நேர்க்கோணத்தில் கடப்பது. சாய்வாகப் போனால் டயர் வழுக்கும். எல்லாவற்றிலும் கடினம் கண்ணை அடக்குவது. கல்லைப் பார்த்தால் கல்லின் மேல்தான் போவாய். போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பின் சக்கரத்தை இறுக்கிப் பிடித்து, வண்டியை இழுத்துக்கொண்டே இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்த டயர் கீறிய கோட்டில் அடுத்த மழைத் தண்ணீர் ஓடும், ஒரே பருவத்தில் அது வாய்க்கால் ஆகிவிடும். சிலர் கடினமான இடத்தைத் தவிர்க்கச் செடிகளுக்குள் புதுவழி வெட்டுகிறார்கள். இந்தச் சின்ன ஊரில் நமக்கென்று விட்டிருக்கும் மண் எவ்வளவு என்று தெரியாதா அவர்களுக்கு? தெம்பனிஸ் சைக்கிள் பூங்காவை நினைத்துப் பார். 2010 இளையர் ஒலிம்பிக்கில் போட்டி நடந்த இடம். 2014இல் மூடிவிட்டார்கள். இருக்கும் பாதையைக் காப்பாற்றத் தெரியாதவர்கள் சைக்கிளை வீட்டிலேயே வைக்கட்டும்.

சரி, நான் இறங்கிவிட்டேன். மூன்று வாரத்துக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஐந்து நாள் மழை இல்லை, மண் காய்ந்திருந்தது. விளிம்பில் இரண்டு முறை நின்று திரும்பினேன். மூன்றாம் முறை நிற்கவில்லை. வேர்கள் கையில் தடதடத்தன, கல் வந்தது, விரலை எடுத்தேன், கல் போயிற்று. பிறகு வளைவு, பிறகு சமதரை. கால் நடுங்கியது. கற்சுரங்கத்து நீரில் ஒரு மீன் துள்ளிய சத்தம் தெளிவாகக் கேட்டது. படகுத்துறைக்குப் போய் மனைவிக்கு எழுதினேன்: இறங்கிவிட்டேன். ‘மணிக்கட்டு?’ என்று உடனே பதில் வந்தது.

டிசம்பரில் வருவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம், வடகிழக்குப் பருவமழை நேரம், உபின் முழுதும் சேறாக இருக்கும். பிப்ரவரியில் வா, அப்போது மழை குறைந்திருக்கும். என் பழைய சைக்கிளின் பிரேக்கை உனக்காக மாற்றி வைத்துவிட்டேன். இரட்டை வைரத்தில் நீ இறங்க வேண்டும் என்று நான் கேட்கவே மாட்டேன். நீலச் சதுரத்தில் சேர்ந்து ஓட்டுவோம், அதுவே எனக்குப் போதும். தட்டையான அடிப்பாகம் உள்ள காலணி கொண்டுவா, செருப்பு வேண்டாம். உன் உயரத்தையும் எடையையும் சரியாக எழுதி அனுப்பு. முன் சக்கரத்தைப் பிடித்து அதிர்ச்சி தாங்கும் ஃபோர்க்கில் காற்றை எடைக்கு ஏற்றபடிதான் அடைக்க வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்