'படம்: இணையம்' என்பது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாடம் நடத்துவதற்கென்றால் இணையத்திலிருந்து எந்தப் படத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்று சென்ற இதழ்க் கட்டுரை சொல்வது பாதி உண்மைதான். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுப்பதும், அதை வினாத்தாளில் சேர்ப்பதும் உரிமை மீறல் ஆகாது என்கிறது. மாணவர்களுக்காக நூல்களின் பகுதிகளை நகலெடுத்துத் தந்ததை எதிர்த்துப் பதிப்பகங்கள் தொடுத்த டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016-இல் தீர்ப்பளித்த டெல்லி உயர் நீதிமன்றமும், கற்பித்தல் என்பது வகுப்பறை விரிவுரையோடு முடிவதில்லை என்று அதற்கு விரிந்த பொருளே கொடுத்தது. ஆகவே, வகுப்பில் படம் காட்டும் ஆசிரியர் அஞ்ச வேண்டியதில்லை.

அதே பாடத்தை யூடியூபில் ஏற்றினால் நிலைமை வேறு. படியெடுப்பதையும் பொதுமக்களிடம் கொண்டுசேர்ப்பதையும் சட்டம் தனித்தனி உரிமைகளாக வைத்திருக்கிறது. ஆசிரியருக்கான அந்த விலக்கோ படியெடுப்பதைப் பற்றித்தான் பேசுகிறது. உரிமம் பற்றி எதுவும் எழுதப்படாத படம் பொதுச்சொத்து என்று நினைப்பதும் தவறு. பதிவு செய்யாவிட்டாலும், எடுத்த கணத்திலேயே புகைப்படத்துக்குப் பதிப்புரிமை உண்டாகிவிடுகிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஏழாம் வகுப்புக்காகத் தயாரித்த காணொளியில் ஓர் இருவாச்சிப் பறவையின் படத்தைச் சேர்த்தபோது, மூலையில் இருந்த வாட்டர்மார்க் உறுத்தலாகத் தெரிந்ததால், அந்த ஓரத்தை வெட்டிவிட்டு 'நன்றி: கூகுள்' என்று போட்டேன். தபால்காரருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கடிதம் எழுதியவரை மறந்த கதைதான். சில வாரங்களில் படம் எடுத்தவரிடமிருந்தே மின்னஞ்சல் வந்தது. அவர் பணம் கேட்கவில்லை. வெட்டிய ஓரத்தில் இருந்தது தம் பெயர் என்று மட்டும் எழுதியிருந்தார். அன்றே காணொளியை நீக்கினேன்.

இப்போது அந்தப் பாடத்தில் இருப்பது, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படங்களின் இணையத் தொகுப்பான விக்கிமீடியா காமன்ஸில் எடுத்த படம். அடியில் எடுத்தவர் பெயரும், சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்தப் படைப்பாளரே முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் வகையும் உள்ளன. கூகுள் படத்தேடலிலும் பயன்பாட்டு உரிமையைக் கொண்டு வடிகட்டும் வசதி இருக்கிறது. ஆசிரியர் பயிற்சிகளில் காணொளித் தயாரிப்பைச் சொல்லிக்கொடுப்பவர்கள் இதற்கும் அரைமணி நேரம் ஒதுக்கலாம்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். தங்கள் கட்டுரையோடு வெளியான வகுப்பறைப் புகைப்படத்தின் கீழும் 'படம்: இணையம்' என்றே அச்சாகியிருந்தது. எடுத்தவர் யாரென அறிந்து, அவர் பெயரை அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
தேனி மாவட்டம்.