ஆறு பேர் இறங்கினாலும் ஐந்துதான் கணக்கு

அன்பு மகளே,

ஜனவரியில் உன் கல்லூரி ஜிம்னாஸ்டிக்ஸ் சீசன் தொடங்குகிறது. முதல் ஆண்டிலேயே வால்ட் (மேசை தாண்டல்), பார்ஸ் (கம்பிகள்), பீம் (ஒடுங்கிய கட்டை), ஃப்ளோர் (தரை) என்று நான்கு பிரிவிலும் ஆடிவிட வேண்டும் என்று துடிக்கிறாய். இப்போதைக்கு வால்ட், பீம் இரண்டையும் மட்டும் குறிவை.

ஏன் என்று கணக்கைப் போட்டுப் பார். ஒவ்வொரு பிரிவிலும் ஆறு பேர் இறங்குவீர்கள், சிறந்த ஐந்து மதிப்பெண்தான் கூட்டலில் சேரும். ஐந்து பேரும் 9.85 எடுத்தால் 49.25. ஒருத்தி விழுந்தால் அது கழிந்துவிடும், பாதகமில்லை. இன்னொருத்தியும் விழுந்தால் அவளுடைய 9.3 உள்ளே வந்து, மொத்தம் 48.7க்கு இறங்கிவிடும். அணிகளுக்கு நடுவே 0.1, 0.2 வித்தியாசத்தில் முடிவாகிற போட்டிகள் இவை. அதனால் கோச் உன் கடினமான வித்தையைத் தேடமாட்டார். பத்து தடவை ஏறினால் எத்தனை தடவை விழாமல் முடிக்கிறாய் என்றுதான் எண்ணுவார். எவ்வளவு கடினமாக ஆடினாலும் கல்லூரிப் போட்டியில் 10க்கு மேல் கிடையாது. டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்கு பிரிவும் சேர்ந்த ஆல்-அரவுண்ட் தங்கம் வாங்கிய அமெரிக்காவின் சுனி லீ ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்கு ஆடியபோதும் உச்சம் அதே 10தான்.

வால்ட்டில் யுர்ச்சென்கோ (பின்பக்கமாக மேசையில் கை ஊன்றித் தாண்டும் வகை) செய்யும்போது காற்றில் உடலை ஒரு சுற்றுத் திருகினால் அதிகபட்சம் 9.95, ஒன்றரைச் சுற்றுக்கு 10. அந்த 0.05க்காக அவசரப்படாதே. ஒன்றரையில் மேசைக்கு முதுகைக் காட்டி இறங்குகிறாய். தரை கண்ணுக்குத் தெரிவதற்குள் கால் பட்டுவிடும், உடல் முன்னால் தள்ளும். சின்னத் துள்ளல் ஒன்றுக்கே 0.1 வரை போய்விடும். சுற்று முடியாமல் கால் ஊன்றினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும், அதுதான் என் பெரிய பயம். ஒரு சுற்றையே அசையாமல் நின்று பழகு.

பீமில் உடம்பு சூடாக இருக்கும்போது வரிசையாகப் பத்து தடவை செய்வது போதாது. போட்டியில் உன் முறைக்காகக் காத்திருந்து, உடம்பு குளிர்ந்தபின்தான் ஏறுவாய். அதனால் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு, வார்ம்-அப் இல்லாமல் நேராக ஏறி ஒரே ஒரு தடவை செய். அந்த முதல் தடவையைத்தான் நோட்டில் எழுதிவை. ஆறு பேருக்குப் பிறகு எக்ஸிபிஷனாக ஆடச் சொன்னால் முகம் சுளிக்காதே. மதிப்பெண் சேராவிட்டாலும் அரங்கமும் கூட்டமும் அதேதான். அடுத்த வாரப் பட்டியலை எழுதும்போது கோச்சுக்கு அது நினைவிருக்கும்.

காலையில் எழுந்ததும் குதிகால் தசைநார் விறைப்பாக இருந்தால் அன்றைக்கே டிரெய்னரிடம் சொல். ஃப்ளோரில் பின்பக்கம் உந்தி எழும் நொடியில்தான் அது அறுந்துபோகும். மறைத்துவிட்டுப் பயிற்சிக்குப் போகவே கூடாது, கண்ணு.

பார்ஸ் பயிற்சியையும் விட்டுவிடச் சொல்லவில்லை. கிரிப்பின் (உள்ளங்கையில் கட்டும் தோல் பட்டை) தோல் நீண்டு தளர்ந்துவிட்டால் அதிலுள்ள குச்சி கம்பியைச் சுற்றி மடிந்து பிடித்துக்கொள்ளும். கை அங்கேயே நிற்க, உடம்பு மட்டும் சுழலும். முன்கை எலும்பு முறிவது அப்படித்தான். பழக்கிய ஜோடி இரண்டு எப்போதும் பையில் இருக்கட்டும். உள்ளங்கை கிழிந்தால் தொங்கும் தோலை வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, இரவில் களிம்பு தடவு. காய்ப்புகளைக் குளித்ததும் தேய்த்துச் சமமாக்கினால் பாதிக் கிழிசல் வராது.

புது கிரிப் ஒரு ஜோடி பார்சலில் அனுப்பியிருக்கிறேன், பழைய அளவேதான். வந்ததும் முதலில் சின்ன ஊசலாட்டத்துக்கு மட்டும் போட்டுக்கொள், கம்பியை முழு வட்டமாகச் சுற்றும் ஜெயன்ட் அப்புறம்.

அன்புடன்,
அப்பா