முதல் மாத்திரைக்கு முன் கேட்க வேண்டிய பரிசோதனை

ஆசிரியருக்கு வணக்கம்.

குடல் அழற்சி நோய்க்கான மருந்துகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஸ்டீராய்டை ஏன் நீண்ட நாள் தொடரக் கூடாது, நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதியோபிரின் மாத்திரை வேலை செய்ய ஏன் இரண்டு மூன்று மாதம் பிடிக்கிறது என்பதையெல்லாம் புரியும்படி எழுதியிருந்தீர்கள். ஆனால், மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்தால் போதும் என்ற வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. என் மகளுக்கு விபரீதம் நடந்தது நான்காவது வாரத்தில்.

அவளுக்கு அப்போது வயது 19. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், அதாவது பெருங்குடலில் புண் உண்டாக்கும் அழற்சி நோய். அசதியோபிரின் தொடங்கும் முன் டிபிஎம்டி என்ற என்சைம் பரிசோதனை செய்தார்கள். நார்மல் என்று வந்தது. "இனி பயமில்லை, ஒன்றரை மாதம் கழித்து வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் அவள் தலையணையை உதறப் போனேன். உறை முழுக்க முடி. சீப்பில் வருவதுபோல நாலைந்து இழை இல்லை, கொத்துக் கொத்தாக. பரீட்சைக் கவலையில் கொட்டுகிறது என்று நாங்களே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டோம். ஐந்தாறு நாளில் வாயெல்லாம் புண், 103 டிகிரி காய்ச்சல். ரத்தத்தைச் சோதித்தால் வெள்ளையணு எண்ணிக்கை 900. குறைந்தது 4,000 இருக்க வேண்டும். இரண்டு வாரம் தனி அறையில் வைத்துத்தான் அவளைத் தேற்றினார்கள்.

டிபிஎம்டி நார்மலாக இருந்தும் எப்படி? அதைத்தான் உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

அசதியோபிரின் உடம்புக்குள் போனதும் மெர்காப்டோபியூரினாக மாறுகிறது. அதில் ஒரு பகுதியை டிபிஎம்டி திசைதிருப்பிவிடுகிறது. இன்னொரு பகுதியை சாந்தைன் ஆக்சிடேஸ் என்ற என்சைம் கழிவாக்கி வெளியேற்றுகிறது. மிச்சம்தான் வீரியமுள்ள பொருளாக மாறி, வேகமாகப் பெருகும் செல்களின் டிஎன்ஏவுக்குள் நுழைகிறது. வெள்ளையணுக்கள் அடங்குவதும், அதனால் குடல் ஆறுவதும் இப்படித்தான். அந்தக் கடைசிப் படியில் இன்னொரு காவல் இருக்கிறது: என்யுடிடி15 என்ற என்சைம். வீரியமுள்ள பொருள் அளவுக்கு மீறி டிஎன்ஏவில் சேராதபடி அதை உடைத்துவிடுவது இதன் வேலை. என் மகளுக்கு இந்தக் காவல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. வெள்ளையணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையைப் போலவே முடியின் வேரிலும் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. அதனால்தான் முதலில் முடி கொட்டியது. அது கவலையில் கொட்டிய முடி அல்ல, எச்சரிக்கை மணி. எங்களுக்குத்தான் கேட்கவில்லை.

டிபிஎம்டி குறைபாடு ஐரோப்பியர்களிடம் அதிகம் ஆராயப்பட்டது. அவர்களில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு அந்த என்சைம் அறவே வேலை செய்யாது. என்யுடிடி15 மாறுபாடோ ஆசிய மக்களிடம்தான் அதிகம். 2014இல் கொரியாவில் கிரோன் என்ற இன்னொரு வகைக் குடல் அழற்சி நோயாளிகளை ஆராய்ந்தபோதுதான் இதற்கும் வெள்ளையணு சரிவுக்கும் உள்ள தொடர்பு தெரியவந்தது. ஆசிய வம்சாவளியினரிடம் டிபிஎம்டியை மட்டும் பார்த்துவிட்டுப் பயமில்லை என்று சொல்வது ஒரு கதவைப் பூட்டிவிட்டு இன்னொன்றைத் திறந்து வைப்பது போலத்தான். இரண்டையும் மரபணுப் பரிசோதனையாக ஒரே ரத்த மாதிரியில் பார்க்கலாம். ஒவ்வொரு மரபணுவும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக இருக்கும். அதில் ஒரு பிரதி மட்டும் மாறியிருந்தால் குறைந்த அளவில் தொடங்குவார்கள். இரண்டும் மாறியிருந்தால் இந்த நோய்க்கு வேறு மருந்து தேடுவதுதான் முறை.

சரி, இரண்டு பரிசோதனையும் நார்மல் என்றால் ரத்த எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாமா? வேண்டும். முதல் மாதம் வாரம் ஒரு முறை, அப்புறம் படிப்படியாக இடைவெளி விட்டு. மூன்று மாத இடைவெளி என்பது அளவு நிலைப்பட்ட பிறகு வருவது. கட்டுரையில் இந்த வரிசை விட்டுப்போயிருக்கிறது, தயவுசெய்து திருத்தம் வெளியிடுங்கள்.

யூரிக் அமிலத்துக்குத் தரும் அல்லோபுரினால் பற்றியும் ஒரு வரி சேருங்கள். அது சாந்தைன் ஆக்சிடேஸை முடக்கிவிடும். வெளியேற வேண்டிய மருந்து உள்ளேயே தேங்கும். அசதியோபிரினை கால் பங்காகவோ மூன்றில் ஒரு பங்காகவோ குறைக்காமல் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் வெள்ளையணுக்கள் சரிந்துவிடும். மூட்டு வலிக்கு வேறொரு டாக்டரிடம் போகிறவர்கள், சாப்பிடும் மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் பயந்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. எத்தனையோ பேரை ஸ்டீராய்டிலிருந்து மீட்ட மருந்து இது. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மகள் இப்போது வேறு மருந்தில் நன்றாக இருக்கிறாள். அவளுக்கு மாறிய பிரதிகள் இரண்டு என்றதும், நானும் அவள் அப்பாவும் ஆளுக்கு ஒன்று கொடுத்திருக்கிறோம் என்பது புரிந்தது. அவள் தம்பியையும் சோதித்தோம். அவனுக்கு ஒரு பிரதி மாறியிருக்கிறது. அவனுக்கு எந்த நோயும் இல்லை. ஆனாலும் இதே குடும்பத்து மருந்துகளை ரத்தப் புற்றுநோய்க்கும் உறுப்பு மாற்று சிகிச்சைக்கும் தருகிறார்கள். அதனால் அவன் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் அந்த முடிவை ஒட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி