ஒரு மைல்கூட இல்லாத காடு

அன்புள்ள மல்லிகாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் மாடிப்படியே மலையாகத் தெரிகிறது, இனிமேல் காடு மலையெல்லாம் டிவியில்தான் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த மறு வாரமே நான் ஒரு காட்டுக்குள் போய் வந்துவிட்டேன். என் கால் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். அதனால்தான் இதை உடனே எழுத உட்கார்ந்தேன்.

மகள் வீடு இருக்கும் சியாட்டிலில் இருந்து மேற்கே காரில் நாலு மணி நேரம் போனால் ஹோ மழைக்காடு. ஒலிம்பிக் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. ஹோ என்பது ஆற்றின் பெயர். ஒலிம்பஸ் மலையின் பனிப்பாறைகள் உருகி வருகிற ஆறு. பனி அரைத்த பாறைப்பொடி கலந்து வருவதால் தண்ணீர் பால் ஊற்றிய நீலமாக ஓடுகிறது. மழைக்காடு என்றதும் மருமகன் எல்லோருக்கும் ரெயின்கோட் வாங்கிவிட்டார். போன அன்று சுள்ளென்று வெயில்! அக்டோபரில் இருந்து மே வரைக்கும்தான் கொட்டுமாம், ஆகஸ்டில் ஓய்வு. கோட்டெல்லாம் டிக்கியிலேயே தூங்கியது.

ஜியாகரபி டீச்சர், இது உனக்கு. அந்தக் காட்டில் வருஷத்துக்கு ஏறக்குறைய 3,500 மில்லிமீட்டர் மழை. மலைக்கு அந்தப் பக்கம் சீக்விம் என்று ஓர் ஊர், நேர்க்கோட்டில் 70 கிலோமீட்டர்கூட இருக்காது. அங்கே 400 மில்லிமீட்டர்தான். பசிபிக்கில் இருந்து வருகிற ஈரக்காற்று மலையில் மோதி, இருப்பதையெல்லாம் இந்தப் பக்கமே இறக்கிவிட்டு வெறுங்கையோடு இறங்குகிறது. பத்தாம் வகுப்புக்கு மழை மறைவுப் பகுதி நடத்தும்போது போர்டில் ஒரு மலை வரைந்து, ஒரு பக்கம் மேகமும் மறுபக்கம் ஒரு கள்ளிச்செடியும் போடுவாயே, அதே படம்தான். கள்ளிக்குப் பதில் சீக்விமில் லாவெண்டர் தோட்டம் போட்டிருக்கிறார்கள்.

நாங்கள் நடந்த பாதைக்கு ஹால் ஆஃப் மாசஸ் என்று பெயர். பாசி மண்டபம் என்று வைத்துக்கொள். ஒரு சுற்று சுற்றி வந்தால் 1.3 கிலோமீட்டர். தொடக்கத்தில் கொஞ்சம் ஏற்றம், அப்புறம் சமதரை மாதிரிதான். நம்மை முந்திக்கொண்டு ஓடுகிறவர்கள் அரைமணியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. காலைக் குறை சொல்லமாட்டேன், கண்தான் நகரவிடவில்லை.

காரணம் சொல்கிறேன். முப்பது வருஷம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு செலாஜினெல்லா நடத்தினேன், பார்வைக்குப் பாசி மாதிரி இருந்தாலும் பாசி இல்லாத ஒரு சின்னச் செடி. என்னிடம் இருந்தது லேபில் ஃபார்மலினில் ஊறி வெளுத்துப்போன ஒரே ஒரு பாட்டில். அதைக் காட்டி 'இதுதான் பிள்ளைகளா' என்பேன், அவர்கள் முகத்தில் ஈயாடாது. இங்கே பெரிய இலை மேப்பிள் மரங்களின் கிளைக்குக் கிளை அது தொங்குகிறது மல்லிகா! ஆளுயரத்துக்கு, திரைச்சீலை மாதிரி. எல்லோரும் பாசி, பாசி என்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் பாதி பாசியே இல்லை, செலாஜினெல்லா என்று மருமகனிடம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு இன்னொரு படம் எடுத்துக்கொண்டார்.

இத்தனையும் மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறதே தவிர மரத்தை உறிஞ்சுவதில்லை. போதாததற்கு மரமே அதில் பங்கு கேட்கிறது. நளினி நட்கர்னி என்று இந்திய வம்சாவளி விஞ்ஞானி ஒருவர், கயிறு கட்டி இந்த மேப்பிள்கள் மேல் ஏறினார். கிளையில் பாசிமெத்தையை விலக்கிப் பார்த்தால், மக்கிச் சேர்ந்திருந்த மண்ணுக்குள் மேப்பிளின் கிளையே வேர் விட்டிருந்தது. 1981-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். வேர் என்றால் கீழே என்று நான் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்!

அப்புறம் விழுந்த மரங்கள். சிட்கா ஸ்புரூஸ், ஹெம்லாக் எல்லாம் 200 அடிக்கு மேல் வளருகிறவை. சாய்ந்தால் அறுத்து அப்புறப்படுத்துவதில்லை, பாதையை மறித்தால் அந்த அளவுக்கு மட்டும் வெட்டுகிறார்கள். கிடக்கிற கட்டையின் முதுகில் வரிசையாகக் கன்றுகள், ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் உயரம். தரையில் பாசியும் பெரணியும் இடம் விடாததால் விதைக்குக் கட்டைதான் கதி. கன்று மரமாகி, கட்டை முழுக்க மக்கிப்போனதும் வேர்கள் தூண்கள் மாதிரி அந்தரத்தில் நிற்கின்றன. அப்படி ஒன்றின் அடியில் பேரன் தவழ்ந்து போய் அந்தப்பக்கம் எட்டிப் பார்த்தான். யாரோ நட்டுவைத்ததுபோல நாலைந்து பெரிய மரங்கள் நேர்வரிசையில் நின்றால், அங்கே எப்போதோ ஒரு மரம் விழுந்து கிடந்தது என்று அர்த்தம்.

நீ கேட்கப்போவது தெரியும்: அட்டை உண்டா? ஒன்றுகூட இல்லை. மாஞ்சோலையில் செருப்புக்குள் உப்பு போட்டுக்கொண்டு நடந்தோமே, அந்தத் தொல்லை இங்கே கிடையாது. மஞ்சளாய், விரல் நீளத்துக்கு ஓடில்லாத நத்தை ஒன்று பாதையைக் கடந்தது. வாழைப்பழ நத்தை என்கிறார்கள், பொருத்தமான பெயர்தான். நம்ம மிளாவுக்கு அண்ணன் மாதிரி எல்க் மான்களும் உண்டு. அவற்றைக் காப்பாற்றத்தான் 1909-ல் தியோடர் ரூஸ்வெல்ட் இந்த மலைப்பகுதியைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். தேசியப் பூங்கா ஆனது 1938-ல். என் கண்ணில் பட்டது ஈரமண்ணில் ஒரு குளம்புத் தடம் மட்டும்.

ஒரு வெட்கக்கேடும் சொல்லிவிடுகிறேன். தாழ்வாகத் தொங்கிய செலாஜினெல்லாவைப் பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது, செடியைப் பறித்து உலர்த்தித் தாளில் ஒட்டிவைக்கிற ஹெர்பேரியம் பழக்கம். "ஆச்சி, பிய்க்கக் கூடாது!" என்று பேரன் போட்ட சத்தத்தில் முன்னால் போன நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கையைப் புடவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

நீ வருவதானால் கோடையில் காலை எட்டு மணிக்குள் போய்விடவேண்டும். வண்டி நிறுத்துமிடம் நிரம்பினால் ஒன்று வெளியே வந்தால்தான் ஒன்று உள்ளே. நாங்கள் பதினொன்றுக்குப் போய் ஒன்றரை மணி நேரம் காரிலேயே புளியோதரை சாப்பிட்டோம். போனில் சிக்னலும் வராது, தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்.

ஐப்பசியில் ஊருக்கு வருகிறேன். பிசியோதெரபியை விடாதே, இரண்டு நாள் ஏமாற்றினாலும் எனக்குச் சேதி வந்துவிடும். உன் தங்கை மகள் நம் பள்ளியில்தானே இப்போது வேலை பார்க்கிறாள்? லேபில் மேல்தட்டில், இடது ஓரத்தில் அந்த பாட்டில் இன்னும் இருக்கிறதா என்று கேட்டு எழுது.

அன்புடன்,
உன் பாட்டனி டீச்சர்