மெக்ரிட்சி காட்டுப் பாதையில் சேற்றைச் சுற்றி ஓட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றிச் செல்லும் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் காட்டுப் பாதையில் வார இறுதிகளில் மெதுவோட்டம் ஓடுபவர்களில் நானும் ஒருவன். அங்கே இப்போது தமிழ்க் குரல்கள் அடிக்கடி காதில் விழுவது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது. அவ்வாறு ஓட வருவோரிடமும் அவர்களை அழைத்து வரும் குழுக்களிடமும் ஒரு வேண்டுகோளை உங்கள் நாளிதழ் வழியாக முன்வைக்க விரும்புகிறேன். மழைக்குப் பின் பாதையில் சேறு நின்றால், தயவுசெய்து அதன் நடுவிலேயே கால் வைத்துச் செல்லுங்கள். ஓரத்துச் செடிகளின் மீது ஏறிச் சுற்றிப் போகாதீர்கள்.

இது அற்பமான வேண்டுகோளாகத் தோன்றலாம். ஆனால் பலத்த மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, மேடும் பள்ளமும் மாறி மாறி வரும் இடங்களில் சற்று நின்று பார்த்தால் நான் சொல்வது விளங்கும். பாதையின் நடுவில் செம்மண் குழம்பி நிற்கிறது. அதைத் தவிர்க்க முதலில் வந்தவர் ஓர் அடி விலகி ஓடியிருப்பார்; அந்த இடமும் சேறாக, அடுத்தவர் இன்னும் ஓர் அடி விலகியிருப்பார். இப்படியே ஒருவர் மட்டும் செல்லக்கூடிய தடம் மூவர் கைகோத்து நடக்கும் அளவுக்கு அகன்றுவிடுகிறது. அகன்ற பகுதியில் மரவேர்களின் பட்டை காலணி உரசித் தேய்ந்து, உள்ளிருக்கும் வெளிர்நிறக் கட்டை வெளியே தெரிகிறது. அருகிலேயே இரண்டு மூன்று இலை மட்டும் விட்டிருந்த கன்றுகள் மண்ணோடு மண்ணாக நசுங்கிக் கிடக்கின்றன. இந்தக் காட்டில் பெரிய மரமொன்று விழுந்தால் அந்த இடத்தை நிரப்ப வேண்டியவை அந்தக் கன்றுகள்தாம்.

மழைக்காட்டு மரங்களின் ஊட்ட வேர்களில் பெரும்பாலானவை ஆழத்தில் இல்லை. மேல்மண்ணிலேயே பரவிக் கிடக்கின்றன. ஓயாமல் மிதிபடும் மண் இறுகி, காற்றும் நீரும் உள்ளே இறங்க இடமில்லாமல் போகிறது. உதிர்ந்த இலைகளின் மெத்தையும் கலைந்துவிட்டால் மழைநீர் நிலத்துக்குள் இறங்காமல் சரிவில் ஓடுகிறது. ஓடும்போது மண்ணையும் அரித்துச் செல்கிறது. அந்த நீர் போய்ச் சேரும் இடம் நாம் குடிக்கும் நீரைத் தேக்கி வைத்திருக்கும் ஏரி என்பதை ஓடுபவர் எவரும் மறக்கலாகாது. 1860களில் அமைக்கப்பட்ட மெக்ரிட்சிதான் சிங்கப்பூரின் முதல் நீர்த்தேக்கம். நகரம் நாலாபுறமும் வளர்ந்தபோதும் இந்தக் காடு தப்பிப் பிழைத்ததற்கு, அது நீர்ப்பிடிப்புப் பகுதியாகக் காக்கப்பட்டதே முதன்மைக் காரணம். இன்று அதை உள்ளடக்கிய மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கைக் காப்பகம் 2,000 ஹெக்டருக்கும் மேற்பட்ட பரப்புடன் நாட்டின் ஆகப் பெரிய இயற்கைக் காப்பகமாக இருக்கிறது. எறும்புத்தின்னியும், அரிதாகிவிட்ட ராஃபிள்ஸ் பட்டை மந்தியும் வாழும் காடு அது. அத்தகைய இடத்தில் காலணி நனையக்கூடாது என்பதற்காக ஒரு கன்றை மிதிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மிதிபட்ட காடு தானாகவே மீண்டுவிடும் என்று சிலர் கூறக் கேட்டிருக்கிறேன். புக்கிட் தீமா இயற்கைக் காப்பகத்தில் நடந்ததை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். 163 மீட்டர் உயரமே உள்ள அந்தக் குன்றில், காலங்காலமாக ஏறி இறங்கியவர்களின் பாதச்சுவடுகளாலும் மழை அரிப்பாலும் பழுதுபட்ட பாதைகளையும் சரிவுகளையும் சீரமைக்க, 2014 செப்டம்பரில் அந்தக் காப்பகத்தை மூட நேர்ந்தது. இடையில் வார இறுதிகளில் மட்டும் ஒரு பகுதி திறந்துவிடப்பட்டது. முழுமையாகத் திறக்க 2016 அக்டோபர் ஆயிற்று. மெக்ரிட்சிக்கும் அந்த நிலை வந்தால் முதலில் வருந்தப் போகிறவர்கள் நாமாகத்தான் இருப்போம்.

கொவிட்-19 காலத்தில் வெளிநாடு செல்ல வழியின்றி இருந்தபோது பலர் முதன்முறையாக இத்தகைய பாதைகளைக் கண்டடைந்தனர். அது நல்லதே, காட்டை அறியாதவர் காட்டுக்காகப் பேச மாட்டார். ஆனால் பூங்கா இணைப்புப் பாதையில் ஓடுவது போலவே காட்டிலும் ஓடலாம் என்ற எண்ணமும் அவர்களில் சிலரோடு வந்துவிட்டது. கைக்கடிகாரத்தில் நேரத்தைப் பார்த்தபடி, முந்திச் செல்ல ஓரத்தில் பாய்வோரைக் காண்கிறேன். வேகப் பயிற்சிக்கு இத்தீவில் திடல்களும் கடற்கரைப் பாதைகளும் உண்டு. இந்தச் சுற்றுப்பாதை, ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் நடந்து, இறக்கத்தில் வேரைப் பார்த்துக் கால் வைத்து, நிதானமாக ஓட வேண்டிய பாதை. 2004இல் திறக்கப்பட்ட 250 மீட்டர் நீளத் தொங்குபாலம் ஒருவழிப் பாதை; அதைக் கடந்த பிறகு வரும் படிகளும் குறுகலானவை. அவ்விரு இடங்களிலும் ஓடாமல் நடப்பதே மற்றவர்களுக்கும் பாதுகாப்பு. குரங்குகள் கூடியிருக்கும் இடத்திலும் அப்படியே. கையில் பிளாஸ்டிக் பை இல்லாமல் அமைதியாகக் கடந்தால் அவை நம்மை நாடுவதில்லை.

சமூக மன்றங்களின் இந்திய நற்பணிச் செயற்குழுக்களும் பள்ளிகளும் இங்கே குழுவாக ஓட ஏற்பாடு செய்யும்போது, பங்கேற்பாளர்களைப் பத்துப் பேருக்கு மிகாத சிறு குழுக்களாகப் பிரித்து இடைவெளி விட்டு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். சேறானாலும் கவலையில்லாத பழைய காலணியை அணிந்து வருமாறு முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி சிக்கல் தீர்ந்துவிடும். தேசியப் பூங்காக் கழகம், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் மிக அகன்றுபோன இடங்களைக் கணக்கெடுத்து, சேறு தேங்கும் பள்ளங்களில் சரளை இட்டோ மரப்பலகைப் பாதை அமைத்தோ, ஓரங்களைச் சில காலம் கயிறு கட்டித் தடுத்து வைக்க வேண்டும். அப்பணிக்குத் தொண்டூழியர்கள் தேவைப்பட்டால் எங்கள் ஓட்டக் குழுவினர் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர்,
அப்பர் தாம்சன், சிங்கப்பூர்